நனையக் கூடாத வைப்பர்

போன செவ்வாய்க்கிழமை, சூளகிரி தாண்டியதும் பிடித்தது பாருங்கள் ஒரு மழை... வானம் பொத்துக்கொண்டது என்பார்களே, அதேதான்.

காரில் மூன்று பேர். ஓட்டுவது என் தங்கை புருஷன் சவரிமுத்து. பக்கத்தில் நான். பின்னால் தங்கை ரெஜினா. அவளுக்குப் பத்து மணிக்குக் கிருஷ்ணகிரியில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. ட்ரெயினிங் முடித்து வருஷக்கணக்காகக் காத்திருந்து வந்த முதல் அழைப்பு.

மாப்பிள்ளை வைப்பரைப் போட்டார். கிரீச்! ரப்பர் போன இடம் தெரியவில்லை. வெறும் தகரம் கண்ணாடியைச் சுரண்டியது. எதிரே வருவது லாரியா, எருமையா — ஆண்டவருக்கே வெளிச்சம். குருபரப்பள்ளியில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டார்.

"புது பிளேடு வாங்கக் கூடாதா மாப்பிள்ளை?"

"வாங்கியாச்சு மச்சான். பெங்களூர்ல அலையா அலைஞ்சு வாங்கினேன்."

"எங்கே?"

டேஷ்போர்டுப் பெட்டியைப் பெருமையாகத் தட்டினார். பூட்டியிருந்தது. கடையில் லேசில் கிடைக்காத சாமான்; வெளியே மாட்டி வைத்தால் திருடிவிடுகிறார்களாம். நியாயம்தான். கார் வைத்திருக்கும் எல்லோருமே கழற்றி உள்ளேதான் வைக்கிறார்கள்.

"சரி, இப்ப எடுத்து மாட்டுங்க."

"இந்த மழையிலயா? புது ரப்பரு மச்சான்... நனைஞ்சா வீணாப் பூடும்!"

வைப்பர் நனையக் கூடாதாம்! பிறகு எதற்குத்தான் அது, நீங்களே சொல்லுங்கள்?

டீக்கடையில் ஒதுங்கியிருந்த ஒரு லாரி டிரைவர், "பீடியைப் பிரிச்சு, புகையிலைய கண்ணாடியில தேய் சாமி. தண்ணி நிக்காது" என்றார். மாப்பிள்ளை முகத்தில் என்ன மலர்ச்சி! ஒரு கட்டு வாங்கிப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெட்டியைத் திறப்பதைத் தவிர வேறு எதற்கும் தயார், மனிதர்.

ரெஜினாவுக்கு வந்ததே கோபம்! அவர் சட்டைப் பையிலிருந்த பெட்டிச் சாவியைப் பிடுங்கினாள்.

"ஏங்க, எனக்கு வேலை போனாலும் பரவால்ல, உங்க ரப்பரு நனையக் கூடாது. அப்படித்தானே? நவுருங்க!"

இன்டர்வியூவுக்கென்று கட்டிய சேலை தொப்பலாக நனைய, அவளே நின்று மாட்டினாள். மாப்பிள்ளை ஓடிவந்து குடை பிடித்தார் — அவளுக்கு அல்ல, வைப்பருக்கு.

அவரை மட்டும் சொல்லி என்ன? பாட்டரி தீர்ந்துவிடும் என்று டார்ச்சை அலமாரியில் வைத்துவிட்டு, இருட்டில் சுவரைத் தடவுகிற வீடு என்னுடையது.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. ரெஜினா அழாத குறை. ஆனால், இன்டர்வியூ எடுக்க வேண்டிய கரஸ்பாண்டெண்டே இன்னும் வரவில்லை! வெகுநேரம் கழித்து வந்து இறங்கினார்.

"மழையில ரோடே தெரியல. புது வைப்பரு வீட்டு பீரோவுல இருக்குது..." என்றவர், சேலை சொட்டச் சொட்ட நின்றவளைப் பார்த்தார். "நீ எப்படிம்மா வந்தே?"

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மனிதர் அசடு வழிய ஒரு சிரிப்புச் சிரித்தார். வேறு கேள்வியே கேட்கவில்லை. வேலை கொடுத்துவிட்டார்.

நேற்று முதல் ரெஜினா டீச்சர் வேலைக்குப் போகிறாள் — பஸ்ஸில். அந்தப் பஸ் டிரைவர் தாராள மனசுக்காரர். மழையில்கூட வைப்பர் போடுகிறாராம்!