கண்ணாடிக் கதவுக்கு ஒரு சாவி

வேறு ஊராக இருந்தால், எழுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் செருப்பில்லாமல், சட்டையில்லாமல், வேட்டியோடு ரோட்டில் தனியாகப் போனால் யாராவது நிறுத்தி விசாரிப்பார்கள். திருவண்ணாமலையில் காலில் விழுவார்கள்.

என் அப்பா அப்படித்தான் ஒரு நாள் காலையில் கிளம்பிப் போனார். அவருக்கு ஞாபகம் போய் இரண்டு வருடம் ஆகிறது. என் பெயர் முதலில் போனது, பிறகு நானே போனேன். செங்கம் ரோட்டுக்குப் பின்புறத் தெருவில் எங்கள் வீடு. கீழே பின்பக்க அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று, மலை தெரிகிற மாதிரி பெரிய கண்ணாடி ஸ்லைடிங் கதவு வைத்துக் கட்டினோம். வாடகைக்கு வந்தவர்கள் ஞானம் பெற்றார்களோ இல்லையோ, கடைசியில் அந்த அறை அப்பாவுக்கு என்று ஆனது. கதவை உள்ளேயிருந்து சாத்த ஒரு சின்னக் கொக்கி மட்டும்தான். விரலால் தட்டினால் திறந்துகொள்ளும். வாசல் கதவு எப்போதும் பூட்டியிருக்கும், அப்பா போனது இந்த வழியாகத்தான்.

அன்று பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி என்று அலைந்தேன். வழியில் இளநீர் விற்பவர் ஒருவரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். "அந்தச் சாமியா? காலைலயே போய்னு இருந்தாரு. நான்கூட கால்ல வுழுந்தேன், ஆசீர்வாதம் பண்ணாரு" என்றார் பக்தியோடு. மாலை நான்கு மணிக்கு, மலையைப் பதினாலு கிலோமீட்டரும் சுற்றி முடித்து, நெற்றி நிறைய விபூதியும் கையில் புளியோதரைத் தொன்னையுமாக அப்பா தானே வீடு வந்து சேர்ந்தார். கால் முழுக்கக் கொப்புளம். சர்க்கரை நோயாளி அவர். அடுத்த முறை அந்தக் கால் தாங்காது என்று டாக்டர் சொன்னார். லாரிகளைப் பற்றி அவர் சொல்லவில்லை, அதை நானே நினைத்துக்கொண்டேன்.

சென்னையில் இருக்கும் என் தம்பிக்குப் போன் செய்தேன். "கிரிவலம்தானே போனாரு, புண்ணியம்க்கா" என்றான். நேரில் வந்து கொஞ்சம் புண்ணியத்தில் பங்கு எடுத்துக்கொள்ளடா என்றேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

அலுமினியக் கதவு வேலை செய்கிறவர் வந்தார். உள்ளேயும் வெளியேயும் சாவி போடுகிற மாதிரி கைப்பிடி கொண்டுவந்திருந்தார். பழைய கைப்பிடியின் ஸ்க்ரூ ஓட்டைகளுக்கும் புதியதின் ஓட்டைகளுக்கும் ஜென்மப் பகை. "கம்மியாதான் இடிக்குது மேடம்" என்று சொல்லிக்கொண்டே புதிதாக நாலு ஓட்டை போட்டார். பிறகு பூட்டின் நாக்கு பக்கத்துச் சட்டத்தில் முட்டி நின்றது. அதிலும் ஒரு பள்ளம் வெட்டினார். கதவே சல்லடையாகிவிடுமோ என்று பயந்த நேரத்தில், டக்கென்று பூட்டியது.

அப்பா இவ்வளவையும் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் பொறுப்பாளர். பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார். எழுந்து வந்து, புதுப் பூட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எனக்குச் சிரிப்பாக வந்தது. உங்களைப் பூட்டி வைக்கத்தான் இது என்று அவரிடம் யார் சொல்வது?

நான் செய்த புத்திசாலித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் புதுச் சாவி எதுவானாலும் முதலில் சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். அப்புறம் படத்துக்குக் கீழே இருக்கும் ஆணியில் மாட்டுவோம். அப்பா ஏற்படுத்திய வழக்கம். எம்.ஏ. படித்த நான் அதையே அப்படியே செய்தேன். மகளை மறந்த மனிதர் ஆணியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார் என்று எந்தத் தைரியத்தில் நம்பினேனோ!

ஒரு வாரம் ஜோராகப் போனது. எட்டாம் நாள் காலை துணி துவைத்து முடித்து வந்து, வெளியிலிருந்தே கண்ணாடிக் கதவை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. போர்வை கட்டிலில் சுருண்டு கிடந்தது. அப்பா தூங்குகிறார் என்று நிம்மதியாகப் போய்ப் பருப்பு வேகவைத்தேன். வீட்டுக்குள் வழியாகச் சாப்பிட எழுப்பப் போனபோதுதான், போர்வைக்குள் தலையணை மட்டும் இருப்பது தெரிந்தது. ஆணியில் சாவி இல்லை. வெளியே போய், பொறுப்பாகப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் செலவழித்து வைத்த பூட்டு, அவர் போய்விட்டதை என்னிடமிருந்து இரண்டு மணி நேரம் மறைத்து வைத்திருக்கிறது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதையில் போனேன். வேட்டி கட்டிய ஒவ்வொரு முதுகும் அப்பாவாகத் தெரிந்தது. லாரி ஹாரன் கேட்டபோதெல்லாம் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அடி அண்ணாமலையில் ஒரு மோர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாதத்தில் ரத்தம். திட்டவேண்டும் என்றுதான் இறங்கினேன்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்."

"நீ யாரும்மா?" என்றார். இடுப்பு முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டார். சாவி அங்கேதான் இருந்தது. "நான் சுத்திட்டுதான் வருவேன். வூட்டப் பத்திக் கவல இல்ல. பாப்பா தனியா தூங்கினு இருக்குது. எவனாச்சும் உள்ள பூந்துடப் போறான்னு நல்லாப் பூட்டிட்டு வந்துட்டேன். மூணு தடவ இழுத்துப் பாத்தேன்."

பாப்பாவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. ரோட்டில் நின்றபடியே அழுதேன். மோர்க்காரர் எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "பாப்பா எழுந்துடுச்சுங்க. உங்களக் காணோம்னு அழுவுது."

"அய்யய்யோ" என்று அப்பா டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, எனக்கு முன்னால் ஸ்கூட்டரிடம் போய் நின்றார்.