நண்டுக் கொட்டிலின் பச்சை எழுத்து

இன்று காலை மடிக்கணினியில் ஏதோ ஒரு நிரல் பாதியில் செத்துப்போக, கறுப்புத் திரை ஊமையாகிவிட்டது. நான் தட்டுவது எதுவும் தெரியவில்லை. குருட்டாம்போக்கில் ‘எஸ்ரீரீவை சேன்’ (stty sane) என்று அடித்தேன். ‘புத்தி தெளிந்து எழும்பு’ என்று திரைக்குச் சொல்ல, யூனிக்ஸ் என்ற பழைய கணினி முறைமைக்காரர்கள் வைத்திருக்கும் கட்டளை அது. எழுத்துகள் திரும்பி வந்தன. கூடவே நண்டு மணமும்.

நண்டுக்கும் யூனிக்ஸுக்கும் என்ன உறவு என்பீர்கள். மன்னாரில் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நண்டு வாங்கும் கம்பனியொன்று, கொழும்பில் யாரோ கழித்துவிட்ட யூனிக்ஸ் இயந்திரத்தைக் கொண்டுவந்து தன் அலுவலகக் கந்தோரில் வைத்திருந்தது. அங்கிருந்து பனைகளில் தொங்கித் தொங்கி ஒரு வயர் கடற்கரைக் கொட்டிலுக்குப் போகும். அதன் முடிவில் பச்சை எழுத்துத் திரை, பக்கத்தில் பிரின்டர். கூடைக்காரரின் பெயரையும் நண்டின் நிறையையும் தட்டினால் துண்டுச் சீட்டு வரும். துண்டில்லாத கூடையைக் கூலர் லொறி ஏற்றாது. இதையெல்லாம் பராமரிப்பவன் நான். அந்த மணலில் சப்பாத்தோடு நடந்த ஒரே ஆளும் நான்தான்.

சோளகக் காற்று அடித்த ஒரு காலையில் திரை முழுக்கக் குப்பை, கேள்விக்குறியும் கொக்கியுமாக. உப்புக்காற்று வயரின் மூட்டுகளைத் தின்றிருந்தது. அதற்கு முன்பே மற்றவர்கள் எல்லாரும் துண்டு வாங்கிவிட்டார்கள். மிஞ்சியது ஜெசிந்தா அக்காவின் கூடை. இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு அப்போதுதான் திரும்பி வந்திருந்தார்.

“தம்பி, செத்த நண்டை ஆரும் வாங்கமாட்டினம். எங்கட புது வலையில பட்ட முதல் நண்டுப்பாடு இது.”

“பொறுங்கோ அக்கா, ஸ்பீட்டைக் குறைச்சுப் பாப்பம்.”

“லொறி வெளிக்கிடுது, இவர் குறைக்கப் போறாராம்! கூட்டடா தம்பி!” என்றார் பக்கத்தில் நின்ற வள்ளச் சொந்தக்காரர் சந்தியோகுச் சம்மாட்டி.

பழுதான வயரில் அவசரப்பட்டு ஓடும் எழுத்துகள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். நடக்கவிட்டால் முழுசாக வந்து சேரும். ஆனால் இரண்டு முனையும் ஒரே வேகத்துக்கு இணங்க வேண்டும். பதற்றத்தில் நான் திரையின் வேகத்தை முதலில் குறைத்துவிட்டேன். இனி நான் சொல்வது கந்தோர் இயந்திரத்துக்கு எப்படி விளங்கும்? பழையபடி கூட்டி, குப்பைக்கு நடுவே கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டி, ஒருவழியாக அது இணங்கிய பிறகு திரையையும் குறைத்தேன். லொறிக்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

பெயரை அடித்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் நகர்ந்து வந்தன, கூடைக்குள் இருந்தவற்றைப் போலவே.

“ஜே... ஈ... எஸ்...” கொட்டிலே சேர்ந்து வாசித்தது.

“மாதா கோயில் பிரார்த்தனை மாதிரி ஒவ்வொரு எழுத்துக்கும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ சொல்லோணும் போல கிடக்கு,” என்றார் சம்மாட்டி. லொறிக்காரரும் சிரித்துக்கொண்டு இறங்கி வந்து, மிச்ச எழுத்துகளைத் தானும் வாசித்தார். துண்டு வந்தது. நண்டுகள் காலை ஆட்டிக்கொண்டே லொறியில் ஏறின.

“என்ர பேரைக் கடற்கரை முழுக்கப் படிச்சிட்டுது. இனி நான் ஊராள்தான்,” என்றார் ஜெசிந்தா அக்கா.

பிறகு புது வயர் வந்தது. நானே வேகத்தைக் கூட்டினேன். திரைக்கு முன்னால் யாரும் கூடவில்லை. இப்போது கொட்டில் இருந்த இடத்தில் கொங்கிறீற் தளம். அக்காவுக்கு இரண்டு வள்ளங்கள். நண்டைத் தராசில் நிறுத்த கையோடு, துண்டு குறுஞ்செய்தியாக வந்து அவருடைய போன் சிணுங்குகிறது. எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை. பக்கத்தில் நிற்கும் பெடியளுக்கு அவர் வெறும் ‘அக்கா’. அவருடைய பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.