பெரியம்மா வீட்டு நெருப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கோதுமை மா மூட்டை ஏற்றிவந்த லொறி ஓடைக்குள் கவிழ்ந்ததே, அந்த மழைக்காலத்தில் நடந்தது இது. எந்த வருஷம் என்று கேட்டால் தெரியாது. பள்ளிக்கூடப் பக்கம் நான் போனவனில்லை. ஓடை பால்போல ஓடியதும், ஆளாளுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியதும், நனைந்த மாவில் சுட்ட ரொட்டி பல்லில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேனென்றதும் நன்றாக நினைவிருக்கிறது. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அடுப்பைப் பற்றி.

பதுளையில் ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் லயம். வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகள். நடுச்சுவர் கூரையைத் தொடாது. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அடுத்த வீடு பெரியப்பாவுடையது. அப்பாவும் அவரும் அண்ணன் தம்பி, பெரியம்மாவும் அம்மாவும் அக்கா தங்கச்சி. ஒரே நாளில் மாதா கோயிலில் இரண்டு கல்யாணமும் நடந்ததாம். ஒரே கோழியை வைத்து இரண்டு விருந்தையும் முடித்தார்கள் என்று பெரியப்பா கேலி செய்வார்.

அதெல்லாம் சண்டைக்கு முந்தி. பெரியப்பா இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்தார். அப்பா இங்கேயே இருப்பேன் என்றார். அதில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய், இருவரும் முகம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அந்த வாசலை மிதிக்கக்கூடாதென்று எங்களுக்கும் உத்தரவு. பெரியம்மா கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, வேலைக்குப் போகாமல் அடுப்படியிலேயே கிடந்தாள். வெளியில் எங்கேயும் அவளைப் பார்க்க முடியாது.

நெருப்புக்கு மட்டும் தடையில்லை. நெருப்புக் கேட்டுப் போகிறவளை லயத்தில் யாரும் மறிக்கமாட்டார்கள்; கேட்டு வந்தவளுக்கு இல்லையென்றும் சொல்லமாட்டார்கள். மழையில் தீக்குச்சி நமுத்துப்போகும் என்பதால் ராத்திரி தணலைச் சாம்பலால் மூடிவைப்பார்கள். விடிய ஊதினால் பிடித்துக்கொள்ளும். எங்கள் அடுப்பு மட்டும் விடியும்போது ஜில்லென்று கிடக்கும். அம்மா பழைய பால் டின் ஒன்றை எடுத்துக்கொண்டு, தலையில் படங்குச் சாக்கைப் போட்டு, மழையில் அக்கா வீட்டுக்குப் போவாள். போனால் உடனே வரமாட்டாள்.

அப்பா ஸ்டோரில், அதுதான் தேயிலை காயவைக்கும் இடத்தில், சூளைக்கு விறகு போடுகிறவர். “அவ்வளவு பெரிய நெருப்ப நான் கட்டி மேய்க்கிறேன். என் வீட்டுல ஒரு சட்டி நெருப்பு நிக்கமாட்டேங்குது” என்பார். அம்மா டின்னைத் தேடுவாள்.

எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. நானே கற்றுக்கொள்வதென்று அம்மாவின் கையைக் கவனித்தேன். அவள் தணலைக் குச்சியால் அடுப்பு முழுக்கப் பரத்திவிட்டு, மேலே லேசாகச் சாம்பலைத் தூவுவாள். ஒரு ராத்திரி நானும் அச்சு மாறாமல் அப்படியே செய்தேன். விடிய வாய் வலிக்க ஊதியதில் என் மூஞ்சிதான் வெள்ளையானது. “இது பூசாரி வேலைக்கித்தான் சரிப்படும்” என்று அப்பா சிரித்தார். அம்மா டின்னை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு ஒருநாள் அப்பாவுக்கு ரொட்டி கொண்டுபோனபோது, சூளையை மூடுவதைப் பார்த்தேன். தணலைப் பரத்தவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்து, நடுவில் ஒரு கனத்த கட்டையைச் செருகி, சாம்பலை அழுத்திப் போட்டார். அன்று ராத்திரி அம்மா படுத்தபின் நானும் அப்படியே செய்தேன்.

விடிய ஒரே ஊதல்தான். பிடித்துக்கொண்டது.

அம்மா டின்னும் கையுமாக நின்று அடுப்பையே பார்த்தாள். “நல்லாத்தான் வச்சிருக்கே சாமி” என்றாள், யாருக்கோ சொல்வதுபோல. அப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலாகப் பெரியம்மாவின் குரல் வந்தது.

“தங்கச்சி, இன்னிக்கி நெருப்பு வேணாமா?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். “இருக்குக்கா” என்றாள்.

“நான்தான் பெரியம்மா வச்சேன்” என்று நான் கத்தினேன். நல்ல புள்ள என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் அடங்கிப்போனது. அப்பா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று பொழுது சாய்ந்ததும் மறுபடி தணலைக் குவித்து மூடினேன். அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து அடுப்படியில் குந்தி, சாம்பலை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். “சரியாத்தான் மூடியிருக்கான்” என்று அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணியை அதன்மேல் ஊற்றினார். அது போதாதென்று செம்புத் தண்ணீரையும் ஊற்றினார்.

நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா என்னைத் தூக்கவுமில்லை, அப்பாவை ஏனென்று கேட்கவுமில்லை. விடிந்ததும் அப்பாவே டின்னை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“போய் நெருப்பு வாங்கிட்டு வா. அவசரமில்ல, மெதுவா வா.”

சூளைக்காரருக்கு இன்னொரு நெருப்புக்காரனைப் பொறுக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். அவரோடு பல நாள் பேசவில்லை. மழை விட்டதும் பெரியப்பா குடும்பம் பதுளையில் ரயிலேறிப் போய்விட்டது. அப்பா ஸ்டேசனுக்கு வரவில்லை; சூளையை விட்டு வரமுடியாது என்றார். அதன்பிறகு எங்கள் அடுப்பு ஒருநாளும் அணையவில்லை. அம்மாதான் மூடுவாள், குவித்து, அழுத்தி. என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பெரியப்பா பிள்ளைகள் கோத்தகிரிப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. தம்பிக்கு மனமே இரங்கவில்லை என்று பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். நீங்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், லுணுகலையில் ஒரு கிழவன் சொன்னான் என்று அவர்களிடம் சொல்லுங்கள்: தினமும் அடுப்பை அணையவிட்டது அவர்கள் சித்தி, ஒருநாள் அது அணையாமல் இருந்தபோது தண்ணீர் ஊற்றியது சித்தப்பா.