டோர்க்கா குடித்த பங்கு

சூசெட்டின் மார்பிலிருந்த கட்டி புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னபோது அவள் தாய் டோர்க்கா அழவில்லை. பிறகு ஏதோ ஆராய்ச்சிப் படிவத்தோடு வந்த நர்ஸ் கேட்ட கேள்விதான் அவளை உடைத்தது.

"இவங்க வயித்துல இருந்தப்போ குடிச்சீங்களாம்மா?"

"குடிக்காம? திராட்சைப் பண்ணையில அப்போ கூலியோட ஒயினும் உண்டு. ஒரு நாளைக்கு நாலு வாட்டி மேஸ்திரியே தகரக் குவளையில ஊத்திக் குடுப்பான். ஏன் கேக்குறீங்க?"

நர்ஸ் தயங்கினாள். கர்ப்பத்தில் மது குடித்த தாய் எலிகளின் பெண்குட்டிகளுக்குப் பின்னாளில் மார்புக்கட்டி அதிகம் வந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, மனிதர்கள் விஷயத்தில் இன்னும் உறுதியாகத் தெரியாது என்றாள்.

"அப்போ என்னாலதானா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா."

"என்னால இல்லேன்னாவது சொல்லுங்க."

"அதையும் சொல்ல முடியாது."

சூசெட் வயிற்றில் இருந்தபோது டோர்க்காவுக்கு வயது இருபது. புருஷன் ஆப்ராம் தன் பங்கையும் அவள் பங்கையும் சேர்த்துக் குடித்த நாட்களில் கை நீட்டுவான். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் வயிற்றிலேயே உதைத்துவிட்டான். மறுநாளிலிருந்து தன் குவளையை அவனுக்குக் கொடுப்பதை அவள் நிறுத்தினாள். அவனுடையதையும் சிரித்துப் பேசி வாங்கிப் பாதியைத் தானே குடித்தாள்.

"பாருங்கடா, என் வீட்டுல இப்போ ரெண்டு குடிகாரங்க! ஒண்ணு இன்னும் பொறக்கவே இல்ல!" என்பான் ஆப்ராம். கொடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அன்று ராத்திரி அடி விழாது. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வேனில் இதையெல்லாம் மகளிடம் சொன்னாள். சர்ச்சும் வேலையுமாக இருந்த சூசெட் ஒரு சொட்டு மது தொட்டதில்லை.

"எலிங்களோட என்னையும் சேத்துட்டாங்களா?" என்று சூசெட் சிரிக்கப் பார்த்தாள்.

"வெளையாடாதேடி. நாலு வார்த்தை திட்டிடு என்னை."

"திட்டினா கட்டி கரைஞ்சிடுமா? விடும்மா. எனக்கே தெம்பு இல்ல. உன்னை வேற நான் தேத்தணுமா?"

அதற்குப் பிறகு அவளிடம் டோர்க்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். மகள் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து டோர்க்கா அவரிடம் அதே கேள்வியைக் கேட்பாள். அதே பதில்தான் வந்தது. ஒருவர் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வேணும்னு செய்யலையே" என்றார். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை.

நோய் எலும்புக்குப் பரவியது. அடுத்த அறுவடை தொடங்குமுன் சூசெட் போய்விட்டாள். பண்ணைக் குடியிருப்பே திரண்டு வந்தது. காப்பி போட்டார்கள், ரொட்டி அறுத்து வைத்தார்கள். பாவம், பெற்றவள் என்று டோர்க்காவின் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். கூட்டத்தில் யாராவது ஒருத்தர் தன்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. யாரும் திட்டவில்லை.