நான்காம் மாடி வாடிக்கையாளர்

இது நடந்த விஷயம். கட்டிச் சொல்வதாக இருந்தால் இதைவிட நன்றாகவே கட்டலாம். பாழடைந்த பங்களா, நாயின் ஊளை எல்லாம் சேர்த்து. இதில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு விடுமுறை நாள், மழை விடாத சாயங்காலம், ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் தனியாக ஒரு பெண். அவ்வளவுதான்.

கருவிகளுக்கு விளக்கம் எழுதுவது அவள் வேலை. அன்று கையில் இருந்தது ஒரு ஏபிஐ கருவி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், விஷயம் சுலபம். ஒரு நிறுவனத்துக்குப் பத்தாயிரம் வாடிக்கையாளர்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவருக்கும் பில் எப்படிப் போக வேண்டும் என்று ஒரு குறிப்பு இருக்கும்: தபாலிலா மின்னஞ்சலிலா, எந்த முகவரிக்கு, எழுத்து சிறியதா பெரியதா. ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற உட்கார்ந்தால் ஆயுசு போதாது. இந்தக் கருவியோ, ஆட்களின் எண்களைக் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே மூச்சில் மாற்றிவிடும். முடியாதவற்றை மட்டும் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பும். காரணங்கள் மொத்தமே ஐந்து. ஐந்தையும் விளக்கி எழுதியவள் அவள்தான்.

விளக்கத்துக்கு உதாரணம் வேண்டுமே? நிஜ ஆட்களைப் போட முடியாது. அதனால் சோதனைக் கணினியில் அவளே ஒரு வாடிக்கையாளரை உண்டாக்கியிருந்தாள். வயதான அம்மாள், தனியாக வாழ்பவர். பில் தபாலில் வர வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். முகவரிக்கு என்ன செய்வது? யார் வீட்டையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று யோசித்து, தான் குடியிருக்கும் கட்டடத்தையே போட்டாள். நான்காம் மாடி. கட்டடத்துக்கு மூன்று மாடிதான். மூன்றாவதில் அவள். அதற்கு மேல் மொட்டை மாடி, எப்போதும் பூட்டிய கதவு.

அலுவலகத்தில் அந்த அம்மாளுக்கு 'மாதிரியம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது. வருடக்கணக்காக எல்லா விளக்கத்திலும் மாதிரியம்மாதான். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீடு. சில காலைகளில் திரையைப் பார்த்து, "இன்னிக்கு உங்க முகவரியை மாத்திப் பாக்கப் போறேன், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

அன்று மிச்சமிருந்தது கடைசிப் பகுதி. கணக்குகளை நீக்குவது எப்படி? ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். கண்ணால் பார்க்காத பதிலை விளக்கத்தில் போடக்கூடாது என்று அவளுக்கு ஒரு விதி. அப்படியென்றால் மாதிரியம்மாவை உண்மையிலேயே நீக்க வேண்டும். கருவியை எழுதிய சக ஊழியனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நீக்கிட்டா திரும்பக் கொண்டுவர முடியாதுல்ல?"

"முடியாதுக்கா. யாரு, மாதிரியம்மாவா? ஒரு வாய் காப்பி குடுத்து வழியனுப்புங்க."

"போடா!"

மணி 4.50. மனசு வரவில்லை. ஆனாலும் நீக்கச் சொல்லி அனுப்பினாள்.

கர்ர்ர்...

தலைக்கு மேலே நாற்காலி இழுபடும் சத்தம். காற்றாக இருக்கும் என்று திரையைப் பார்த்தாள்.

'நீக்கப்படவில்லை. காரணம்: வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறார்.'

ஐந்தில் இப்படி ஒன்று கிடையாது. மறுபடி போன்.

"வீட்டில் இருக்கிறார்னு ஒரு காரணம் வச்சிருக்கியா?"

"விளையாடாதீங்கக்கா. நீங்க எழுதின அதே அஞ்சுதான்."

அவளுக்குப் பயத்தைவிட, இது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை பெரிதாக இருந்தது. 5.10. இன்னொரு முறை அனுப்பினாள்.

தொம்... தொம்... தொம்...

மெதுவான நடை. அவள் மேசைக்கு நேர் மேலே தொடங்கி, வாசல் பக்கம் போய் நின்றது.

'காரணம்: வாடிக்கையாளர் வீட்டில் தனியாக இருக்கிறார்.'

மாதிரியம்மாவின் குறிப்பைத் திறந்தாள். முகவரி, நான்காம் மாடி. சரியாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

மூன்றாம் மாடி.

'கடைசியாக மாற்றியவர்: வாடிக்கையாளர்.'

வெளியே படியில் செருப்புச் சத்தம்.

சரக்... சரக்...

ஒவ்வொரு படியாக இறங்கியது.

அவள் கதவுக்கு வெளியே நின்றது.

தட்டவில்லை.

நின்றது.

முகவரியில் மறுபடி 'நான்காம்' என்று அடித்தாள். சேமித்தாள். கதவைப் பார்த்து, "நீக்க மாட்டேம்மா... சத்தியமா நீக்க மாட்டேன்" என்றாள்.

சரக்... சரக்... திரும்பி ஏறியது. மேலே நாற்காலி ஒருமுறை இழுபட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

பெயரும் முகவரியும் இல்லாத ஒரு புது எண்ணை உண்டாக்கி, அதை நீக்கி, அந்தப் பதிலை விளக்கத்தில் போட்டு ஆறு மணிக்குள் அனுப்பிவிட்டாள். அந்த எண் மறுப்பேதும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அந்தச் சக ஊழியனே கூப்பிட்டான்.

"அக்கா, பெரிய தப்பு நடந்திருக்கு. சோதனைக் கணினி நிஜ அச்சகத்தோட இணைஞ்சே கிடந்திருக்கு. ஆரம்பத்துலேருந்தே. மாதிரி ஆளுங்க எல்லாருக்கும் மாசாமாசம் தபால்ல பில் போயிருக்கு."

"போய்?"

"அப்படி யாரும் இல்லைன்னு மூட்டை மூட்டையாத் திரும்பி வந்திருக்கு. மாதிரியம்மாவோடது மட்டும் ஒண்ணுகூடத் திரும்பி வரலக்கா."

அன்றே அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அந்த மாதம் பில் வர வேண்டிய நாளில், மேலே நடை வாசல்வரை போவதும் திரும்புவதுமாக இருந்தது. நாள் முழுக்க. மறுநாளும்.

அதனால் இப்போதெல்லாம் அவளே ஒன்றை அச்சடிக்கிறாள். தொகை பூஜ்யம். பெரிய எழுத்து. படியேறிப் போய், பூட்டிய கதவின் அடியில் தள்ளுகிறாள்.

முழுக்கத் தள்ள வேண்டியதில்லை.

பாதி நுழைந்ததும், மீதியை அந்தப் பக்கமிருந்து இழுத்துக்கொள்கிறார்கள்.