மூடியைத் திறக்காத மெஹரு

மெஹருன்னிசா இறந்துவிட்டதாக அவள் கணவர் ஜாபர் பாய் போனில் சொன்னபோது, நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். "ஜெயந்தி, மெஹரு போயிட்டாம்மா" என்றார். "எங்க போனா?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். அன்று காலையில்தான் அவளிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. "ரெண்டு முட்டை விரிசல் உட்டுடுச்சுடி. உள்ள கத்துது. கடைய மூடிட்டு நேரா இங்க வா." வருகிறேன் என்று பதிலும் போட்டிருந்தேன்.

நெஞ்சு எரிகிறது, கேஸ்தான் என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறாள். மதியத் தொழுகை முடிந்து வந்த ஜாபர் பாய் எழுப்பியபோது எழவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் ஏற்கெனவே போய்விட்டது என்றார்கள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. ஐம்பது இன்னும் ஆகவில்லை. எந்த நோய்க்கும் அவள் என் கடைப் படி ஏறியதில்லை. வந்தால் வம்பளக்கத்தான் வருவாள்.

மெஹருவிடம் முட்டை கொடுத்துக் குஞ்சு வாங்கிப்போன உங்களில் பலர், செய்தி தாமதமாகத் தெரிந்தது, முகம் பார்க்க முடியவில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் இருந்த எனக்கே நடந்தது இன்னும் பிடிபடவில்லை.

முட்டை பொரிக்கும் அந்த மெஷினை வளைகுடாவில் வேலை பார்க்கும் அவள் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பினான். மெஹரு அதற்கு முன் கோழி வளர்த்தவள் அல்ல. கோழியைக் கண்டால் ஒதுங்கிப் போவாள். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை என்று மகனிடம் புலம்பியதற்கு அவன் செய்த ஏற்பாடு அது. யூடியூபில் சொன்னபடி உள்ளே இருந்த தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினாள். வற்ற வற்ற ஊற்றினாள். முதல் தடவை ஒரு குஞ்சுகூட வெளியே வரவில்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. இரண்டு பேரும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து முட்டைகளை உடைத்துப் பார்த்தோம். மூக்கு, இறகு, நகம் எல்லாம் முழுதாக வளர்ந்த குஞ்சுகள், ஓட்டுக்குள் ஈரத்தில் ஊறிச் செத்திருந்தன. மெஹரு ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "தண்ணி இல்லாம சாவலடி. முழுகிச் செத்திருக்குது" என்றாள்.

முட்டைக்குள் இருக்கும் ஈரம் நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்றுக்கு இடம் உண்டாகும். குஞ்சு முதல் மூச்சை அந்தக் காற்றில்தான் இழுக்கும். பெட்டிக்குள் ஈரம் மிகுந்தால் அந்த இடம் சிறுத்துப்போகும். இதை அவள் யார் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆனால் மெஷினில் இருந்த ஈரமானி சரியாகத்தானே ஐம்பது சதவீதம் காட்டியது? அப்புறம் ஏன் செத்தது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு டிபன் டப்பா, ஒரு பொட்டலம் கல்லுப்பு, மெஷினிலிருந்து கழற்றிய ஈரமானி. "இந்த மீட்டர் பொய் சொல்லுதான்னு பாக்கணும்" என்றாள். உப்பைச் சேறுபோல நனைத்து ஒரு பாட்டில் மூடியில் வைத்து, அந்த ஈரமானியையும் உள்ளே போட்டு, டப்பாவை இறுக மூடி வைத்தால், மறுநாள் எழுபத்தைந்து காட்ட வேண்டுமாம். வீட்டைச் சுற்றி உப்பளம், உப்புக்கா பஞ்சம்? மறுநாள் திறந்து பார்த்தோம். அறுபதைக்கூடத் தொடவில்லை, அதாவது உள்ளே இருந்த ஈரத்தை இத்தனை நாளும் குறைத்தே காட்டியிருக்கிறது. நான் மீட்டர் விற்றவனைத் திட்டினேன். அவளோ சிரித்தாள். இவ்வளவு நாள் தான் செய்தது என்ன என்று தெரிந்துவிட்டதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நம்ம ஊரு காத்துலயே தண்ணி இருக்குது. நான் வேற குடம் குடமா ஊத்தியிருக்கேன் பாரு."

அதன் பிறகு கடல்காற்று அடிக்கும் நாட்களில் தண்ணீரே ஊற்றாமல் ஓட்டினாள். மேற்கிலிருந்து அனல்காற்று வீசும் மாதங்களில் மட்டும் தட்டில் ஒரு பாதி ஊற்றுவாள். கடைசி மூன்று நாள் கதை வேறு. குஞ்சு ஓட்டை உடைக்கும் நேரத்தில் நல்ல ஈரம் வேண்டும். இல்லாவிட்டால் உள்தோல் காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிக்கொள்ளும். அந்த மூன்று நாளும் மூடியைத் திறக்கவே கூடாது. ஒருமுறை ஓட்டை உடைத்துத் தவித்த ஒரு குஞ்சுக்கு உதவப் போய் மூடியைத் திறந்தாள். அது பிழைத்தது. பக்கத்தில் மூக்கை நீட்டியிருந்த மூன்று குஞ்சுகள் தோல் இறுகிச் செத்தன. அன்று சோறு இறங்கவில்லை அவளுக்கு. "பாக்கணும்னு ஆசை நமக்கு. உசுரு போறது அதுக்கு" என்றாள். அப்புறம்தான் என் கடையிலிருந்து குளுகோஸ் ஏற்றும் டியூப் ஒன்று வாங்கிப்போய், பெட்டியின் காற்றுத் துளை வழியாகத் தட்டுக்கு இறக்கினாள். மூடியைத் தொடாமலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றலாம்.

அவள் இறந்த அன்று பெட்டியில் இருந்தவை எக்கியார்குப்பம் செல்வியின் முட்டைகள். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து செல்வியின் கோழிகள் எல்லாம் செத்து, ஒரே ஒரு பெட்டைதான் மிஞ்சியிருந்தது. அதன் முட்டைகளைச் சேர்த்துவைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்திருந்தாள்.

ஆட்டோவில் நான் போய்ச் சேர்ந்தபோது கூடம் நிறையப் பெண்கள். மகன் விமானம் ஏறிவிட்டான். மறுநாள் காலைதான் வருவான். அதுவரை உடலை வைக்க ஐஸ் பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். "கரண்டு போனாலும் நிக்காத பாயிண்ட் எது?" என்று கேட்டார் அதைக் கொண்டுவந்தவர். யாரோ ஒரு உறவுக்காரர் மூலையைக் காட்டினார். அங்கே ஏற்கெனவே மாட்டியிருந்த பிளக்கை உருவிவிட்டு ஐஸ் பெட்டியின் பிளக்கைச் செருகினார்கள்.

உருவியது முட்டைப் பெட்டியின் பிளக்.

எனக்குத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். என் தோழி கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறாள். காலையில் பேசிய வாய் மூடியிருக்கிறது. அந்த இடத்தில் கோழி முட்டையைப் பற்றி எப்படிப் பேசுவது? மெஷினில் எரிந்த சிவப்பு எழுத்துகள் அணைந்திருந்தன.

பெண்கள் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஓதி முடித்து ஒரு நிமிடம் அமைதியானபோது அந்தச் சத்தம் கேட்டது. கீச், கீச் என்று, மெல்லிசாக. எல்லோரும் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சுவரில் சாய்ந்திருந்த ஜாபர் பாய் தலை தூக்கினார்.

"அது எரியலியே... ஐயோ, அது எரியலியே!" என்று எழுந்தார். "யாரு கழட்டினது? அவ என்னைக் கொன்னுடுவாளே!"

சொல்லி முடித்ததும் அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தையைப் போல அழுதார். கூடமே அழுதது. பிறகு என்னைப் பார்த்து, "ஜெயந்தி, உன் வீட்டுக்குத் தூக்கிக்கினு போம்மா. மூடியத் தொறக்காத" என்றார்.

நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி, அசையாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இரண்டு தெரு நடந்தோம். உள்ளே கத்திக்கொண்டே வந்தது. என் வீட்டில் பிளக்கைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை டியூப் வழியாக ஊற்றினேன். சூடு மெதுவாக ஏறியது, மூடியின் கண்ணாடியில் ஆவி படிந்தது. உள்ளே என்ன ஆயிற்று என்று தூக்கிப் பார்க்கக் கை பரபரத்தது. திறக்கவில்லை.

விடிந்து பார்த்தபோது கண்ணாடிக்கு உள்ளே ஆறு குஞ்சுகள் நின்றன. ஓட்டை உடைத்த பிறகும் வெளியே வராமல் செத்தவை மூன்று. பிளக் உருவியதாலா, வேறு காரணமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மெஹரு இருந்திருந்தால் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்திருப்பாள். என்னால் முடியவில்லை. துணியில் சுற்றிப் புதைத்துவிட்டேன்.

மகன் வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் காலணிகூடக் கழற்றாமல் நின்றான். அதற்குமேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை. ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போன பிறகுதான் செல்வி வந்து சேர்ந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்கிறாள். "மூஞ்ச ஒரு வாட்டி பாக்கலாம்னு வந்தேங்க்கா" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். நடந்ததையெல்லாம் சொல்லி, மூன்று போய்விட்டது என்றேன்.

"கோழியப் பத்தி யாருக்கா கேட்டா?" என்றாள். குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இனிமே யாரு கையில முட்டை குடுக்கறது? நீங்க வைப்பீங்களா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது செல்வி."

"அவங்களுக்கும் மொதல்ல தெரியாதாமே. சாவடிச்சு சாவடிச்சுத்தான் கத்துக்கினேன்னு அவங்களே எங்கிட்ட சொன்னாங்க."

இதெல்லாம் நடந்து சில வாரங்கள் ஆகின்றன. மெஷின் என் வீட்டில்தான் இருக்கிறது. ஜாபர் பாய் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். சாயந்திரம் கடை மூடியதும் என் கால்கள் இன்னும் அவள் தெருவுக்குத்தான் திரும்புகின்றன. பாதி தூரம் போன பிறகுதான் நினைவு வந்து, நடுத்தெருவில் நின்றுவிடுகிறேன்.

தன் கையால் செத்த குஞ்சுகளை மெஹரு யாரிடமும் மறைத்ததில்லை. முட்டை கொடுத்தவள் கேட்கும் முன்பே, வாசலில் நிறுத்தி, இத்தனை போச்சு என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லுவாள். தெரியாததைத் தெரியாது என்பாள். மறுநாள் மறுபடியும் முட்டை அடுக்குவாள். அவளிடமிருந்து அதை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். செல்வியிடம், கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.