இடவலம் மாறிய சுவர்

அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் யாருக்கு ஞாபகம்? கூட்டிப் பெருக்குகிறவரிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்காதான். பெரிய டாக்டருக்கு அக்காவைவிட எட்டு வயது கூட. அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்கா ஒரு நாளும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

வாரத்தில் ஆறு நாள் அக்காவுக்கு ஒரே பாட்டு. “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், விடுங்க.” இருபத்தாறு வருடம். ஒவ்வொரு படத்திலும் இடதா வலதா என்று காட்ட ஈயத்தால் செய்த ஒரு சின்ன எழுத்தை ஒட்டுவார். அதை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். தனக்குக் கீழே வேலை செய்யும் பெண்கள் யாராவது எழுத்தை மாற்றி ஒட்டிவிட்டால் தொலைந்தார்கள். “இடது காலை உடைச்சுக்கிட்டு வந்தவருக்கு வலது காலை அறுத்துட்டா நீயா கால் குடுப்ப?” என்று பிடித்து உலுக்கிவிடுவார். பெரிய டாக்டர் கத்தியை எடுக்கும்போது நம்புவது அந்த எழுத்தைத்தான்.

ஏழாவது நாள்தான் அக்காவின் சொந்த நாள். காலை ஆறு மணி பஸ், சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வீடு. அதற்குள் போய்த் திரும்புகிற தூரத்தில் பழைய கட்டடம் எங்கே நிற்கிறதோ அங்கே அக்காவும் நிற்பார். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வாரமெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை பஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வார். “ஜன்னலோர சீட்டா பார்த்து உக்காரு, போ” என்று போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

என்ன பெரிய கோட்டையும் அரண்மனையுமா? அதெல்லாம் படம் எடுக்க ஊரே இருக்கிறது. அக்காவுக்கு வேண்டியது மூடிப்போன சினிமாக் கொட்டகை, ரயில் நிற்காத ஸ்டேஷன், நூறு வருடத்துத் தபாலாபீஸ், தண்ணீர் இல்லாத தண்ணீர்த் தொட்டி. போனதும் கேமராவை எடுக்க மாட்டார். அரைமணி நேரம் சுற்றி வருவார். கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பார்ப்பார், படியை எண்ணுவார், முன்பக்கம் பார்த்தால் கட்டாயம் பின்பக்கமும் பார்ப்பார். காவல்காரர்கள் கேட்பார்கள், “என்னம்மா, வாங்கப் போறீங்களா?” என்று. “விலை படியல” என்று சொல்லிவிட்டு அடுத்த மூலைக்குப் போய்விடுவார். ஊரெல்லாம் செல்போனில் சுட்டுத் தள்ளும் இந்தக் காலத்திலும் அக்கா பிலிம் கேமராதான். ஒரு சுருளில் முப்பத்தாறு படம், அதில் தேறுவது நாலு. அந்த நாலைப் பார்த்தால் நமக்கே கை கூப்பத் தோன்றும். அப்படி ஒரு பொறுமை, அப்படி ஒரு மரியாதை. யாரும் திரும்பிப் பார்க்காத சுவரைக்கூடப் பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல லட்சணமாக உட்கார வைத்திருப்பார்.

ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு படிப்பகம் இருக்கிறது. செங்கல் கட்டடம். பின்பக்கச் சுவரில் நடுவில் ஒரு கதவு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு ஜன்னல், ஒரு ஜன்னலுக்கு மேலே மட்டும் மெல்லிய விரிசல். ஒன்பது வருடத்துக்கு முன் எடுத்த அந்தச் சுவரின் படம் அக்காவுக்கே பிடித்துப்போய், தன் கையாலேயே பெரிதாக்க வேண்டும் என்று ஸ்டூடியோக்காரரிடம் அடம்பிடித்து, இருட்டறையில் நின்று பிரின்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி நூலகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நூலகர் வாய் திறந்தால் சத்தம் வெளியே வருமா என்று யோசிக்கிற சாதுவான ஆள். அன்றைக்கே ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

இந்த வருடம் அந்த நூலகரிடமிருந்து போன் வந்தது. “மேடம், கட்டடத்தை இடிக்கணும்னு சொல்றாங்க. புதன்கிழமை கமிட்டி கூடுது. உங்க படத்தைத்தான் சாட்சியா வச்சிருக்காங்க.” அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தவர்போல இழுத்தார். பிறகு வைத்துவிட்டார்.

அக்காவுக்கு முதலில் ஒரு பெருமை. நம்ம படம் சாட்சியா! மறுநாள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. படத்தில் விரிசல் இடது ஜன்னலுக்கு மேலே இருந்தது. சுவரில் வலது ஜன்னலுக்கு மேலே இருந்தது. கமிட்டி அனுப்பிய இன்ஜினியர் அறிக்கையில் எழுதியிருந்தார்: பழைய விரிசலை யாரோ பூசி மறைத்திருக்கிறார்கள், வலப்பக்கம் ஒன்பதே வருடத்தில் புதிதாகப் பிளந்திருக்கிறது, சுவர் நகர்கிறது, உள்ளே ஆட்கள் உட்காரக் கூடாது, இடிப்பதே நல்லது.

அக்கா அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பழைய பிலிம் உறைகளைக் கொட்டித் தேடினார். கிடைத்ததும் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிலிமின் ஓரத்தில் அச்சடித்த எண் இருக்கும். அது நேராகத் தெரிந்தால் படமும் நேர். பதினாலு என்று நேராகத் தெரிந்தது. விரிசல் வலப்பக்கம் இருந்தது.

பிலிமைத் திருப்பி வைத்துப் பிரின்ட் போட்டிருக்கிறார். யார்? இதே அக்கா. எழுத்தை மாற்றி ஒட்டிய பெண்களை அழ வைத்த அதே அக்கா, இடத்தை வலமாக்கிச் சட்டம் போட்டு மாட்டி, அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதோடு போயிற்றா? அந்தப் படிப்பகக் கமிட்டிக்குத் தலைவர் பெரிய டாக்டர். அது அவர் படித்த ஊர். அவர் எதிரில் எழுந்து நின்று, எனக்கு இடது வலது மாறிவிட்டது என்று சொல்ல வேண்டும். மறுநாளிலிருந்து அவர் அக்காவின் எழுத்தை நம்பிக் கத்தி வைப்பாரா? சொல்லாவிட்டால் கட்டடம் போய்விடும். சொன்னால் இருபத்தாறு வருடப் பேர் போய்விடும்.

“பேசாம இருந்துடு. சுவர்தானே” என்றார் வீட்டுக்காரர், அவருக்கும் மனசு கேட்காமல்.

“சுவர் என்னங்க தப்பு பண்ணுச்சு?” என்றார் அக்கா. அன்று சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை படிப்பகத்தின் நீள மேஜையைச் சுற்றி அக்காவையும் சேர்த்துப் பத்துப் பேர். இன்ஜினியர் அறிக்கையைப் படித்து முடித்ததும், “யாருக்காவது ஆட்சேபம்?” என்று பெரிய டாக்டர் கேட்டார். மேஜைக் கோடியில் நூலகர் பாதி எழுந்தார். அதற்குள் அக்கா முழுதாக எழுந்துவிட்டார்.

“எனக்கு இருக்கு டாக்டர். அந்தப் படம் தப்பு. நான்தான் பிலிமைத் திருப்பி வச்சுப் போட்டுட்டேன். இடது வலது மாறிப்போச்சு.” பிலிமை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இது பிலிம். ஓரத்து எண்ணைப் பாருங்க. விரிசல் அப்பவே வலப்பக்கம்தான். ஜன்னலுக்கு மேல மூணாவது செங்கல்ல ஆரம்பிச்சுப் பதினோரு வரிசை ஏறுது. பூதக்கண்ணாடி வச்சு எண்ணிட்டேன். இன்னிக்கு எத்தனைன்னு நீங்களே போய் எண்ணுங்க சார்.”

இன்ஜினியர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். பிலிமை வெளிச்சத்தில் பார்த்தார், வெளியே போய் ஏணி போட்டு எண்ணினார், திரும்பி வந்தார். “பதினொண்ணுதான். ஒன்பது வருஷத்துல ஒரு வரிசைகூட ஏறல. இது பழைய விரிசல். கம்பி போட்டுத் தச்சுப் பூசினாப் போதும்” என்று அறிக்கையின் குறுக்கே கோடு போட்டார்.

எல்லோரும் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். அக்கா தரையைப் பார்த்தார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருபத்தாறு வருஷத்துல ஒண்ணு. அதுவும் சுவருக்கு” என்றார். “நாளைக்கு ரெண்டு முழங்கால் கேஸ் இருக்குக்கா. சீக்கிரம் வந்துடுங்க.” அக்காவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

கூட்டம் கலைந்ததும் அக்கா நூலகரைப் பிடித்தார். “நீங்க எதுக்கு சார் எழுந்தீங்க?”

நூலகர் தயங்கித் தயங்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். இன்ஜினியருக்கு எழுதிய கடிதம். ‘அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டது நான். அவசரத்தில் பிலிமைத் திருப்பி வைத்துவிட்டேன். மேடம் மீது தவறு இல்லை.’

அக்கா இரண்டு முறை படித்தார். “அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“ஆணி அடிக்கும்போதே தெரியும் மேடம்.”

“அடப்பாவி மனுஷா! ஒன்பது வருஷமா வாயைத் திறக்கல?”

“அவ்வளவு ஆசையா கொண்டு வந்தீங்க. கைக்குட்டையால கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுக் குடுத்தீங்க. எப்படி மேடம் சொல்றது?”

“பிரின்ட் போட்டது நீங்கன்னா, பிலிம்ல எந்தப் பக்கம் பளபளன்னு இருக்கும், தெரியுமா?”

“தெரியாது.”

“அதை இன்ஜினியர் கேட்டிருந்தா?”

“அதான் ராத்திரியெல்லாம் பயந்துட்டே இருந்தேன்.”

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேமராவை எடுத்தார். நூலகரின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போய், அந்தச் சுவரின் முன்னால் நிறுத்தினார்.

“என்னை எதுக்கு மேடம்? கட்டடம் மறைஞ்சிடும்.”

“நில்லுங்கன்னா நில்லுங்க. சட்டைப் பை எந்தப் பக்கம்னு பார்த்தா, மறுபடியும் நான் தப்பா போட்டாக்கூட எனக்கே தெரிஞ்சிடும். உங்களை நம்பினா இன்னும் ஒன்பது வருஷம் ஆகும்.”

நூலகர் கடிதத்தை நாலாக மடித்து அந்தப் பைக்குள் வைத்துக்கொண்டு, நேராக நின்றார்.